ஆசிரியப் பயிற்சிக்குப் பின் கல்வியியல் முதுகலை: இணையவழிப் பட்டமும் தமிழாசிரியரும்

பி.எட். பட்டம் பெற்றுப் பள்ளியில் பணியமர்ந்த ஆசிரியர் ஒருவர், சில ஆண்டுகள் கழித்துக் கல்வியியலில் முதுநிலைப் பட்டம் ஒன்றைப் பெற விரும்புதல் இயல்பான ஒன்றாகும். பணியைத் துறக்காமலும் ஊரை விட்டு நீங்காமலும் இணையவழியே அப்பட்டத்தைப் பெறும் வாய்ப்பு ஏற்பட்டபின் இவ்விருப்பம் நிறைவேறுதல் எளிதாகியுள்ளது. ஆயினும், அவ்வாறு பெறும் பட்டம் எப்பணிக்குத் தகுதியாகும், எதற்குத் தகுதியாகாது என்பதும், அதன் பாடங்களை எம்மொழியில் கற்க வேண்டியிருக்கும் என்பதும் சேர்க்கைக்கு முன்னரே தெளிவுபட வேண்டியவை. இரண்டாண்டு உழைப்புக்குப் பின்னர், எதிர்பார்த்த பணிக்கு அப்பட்டம் ஏற்புடையதன்று என அறிய நேர்வது சிறிய இழப்பன்று. இந்தியாவில் இப்பட்டத்தின் நிலை, அது இவ்வாறு அமைந்ததன் காரணம், தமிழ்வழிக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அதனால் விளையும் பயனும் இடர்ப்பாடும் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

1. சான்றும் பட்டமும்

ஆசிரியர்க்குரிய தகுதி இருவகைப்படும். வகுப்பறையில் கற்பிப்பதற்கு உரிமை தருவது ஒன்று. கல்வி என்னும் பொருளைப் பற்றிய அறிவை வளர்ப்பது மற்றொன்று. முன்னது உரிமச் சான்று. பின்னது புலமைப் பட்டம். சென்னை மாகாணத்தில் எல்.டி. என்றும் பின்னர் பி.டி. என்றும் வழங்கிய பயிற்சிப் பட்டங்களே இன்றைய பி.எட். பட்டத்தின் முன்னோடிகள். தமிழாசிரியர்க்கெனப் புலவர் பட்டமும் அதனையடுத்துத் தமிழ்ப் பண்டிதர் பயிற்சியும் தனியே இருந்தன. இவையனைத்தும் பெயரளவில் வேறுபட்டாலும் பணியளவில் உரிமச் சான்றுகளே எனலாம். பி.எட். என்பது பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமாக இருந்தபோதிலும், பள்ளிக்கல்வித் துறை அதனைப் பணி நுழைவுக்குரிய சான்றாகவே கொள்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்விரண்டும் வெளிப்படையாகவே பிரிக்கப்பட்டுள்ளன. அங்கு மாநில அரசு ஆசிரியர்க்குச் சான்றளிக்கிறது, பல்கலைக்கழகம் பட்டமளிக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் முதலில் பெறும் தொடக்கநிலைச் சான்று ஐந்தாண்டுகளுக்குரியது. நிலையான தொழில்முறைச் சான்று பெற முதுநிலைப் பட்டமும் மூன்றாண்டுக் கற்பித்தல் பட்டறிவும் தேவைப்படுகின்றன. எனவே அங்குப் பணியிலுள்ள இளம் ஆசிரியர் முதுநிலைப் பட்டம் பெறுதல் விருப்பத்தைச் சார்ந்ததன்று. பணியில் நீடிப்பதற்கான நிபந்தனையாகும். மாலைநேர வகுப்புகளும் பின்னர் இணையவழி முதுநிலைப் பட்டங்களும் அந்நாட்டு ஆசிரியரிடையே பெருகியதற்கு இத்தகைய விதிகளும், பட்டத்திற்கேற்ப உயரும் ஊதிய அட்டவணைகளும் முதன்மைக் காரணங்களாகும்.

இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. பி.எட். பட்டமும், 2010ஆம் ஆண்டுக்குப்பின் தொடக்கக்கல்வி நிலையில் ஆசிரியர் தகுதித் தேர்வும் பெற்றவர் மேற்பட்டம் எதுவுமின்றியே பணி ஓய்வு பெறலாம். ஆகவே இங்கு முதுநிலைப் பட்டத்தை நாடும் ஆசிரியர் மூன்று நோக்கங்களுள் ஒன்றையோ பலவற்றையோ உடையவராக இருக்கிறார்: ஊதிய உயர்வு, ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் விரிவுரையாளர் பணி, தம் தொழிலைப் பற்றிய ஆழ்ந்த அறிவு. இம்மூன்றுக்கும் ஒரே பட்டம் ஒரே அளவில் உதவுவதில்லை.

2. எம்.எட்., எம்.ஏ. வேறுபாடு

கல்வியியலில் முதுநிலை என்னும்போது இந்தியாவில் இரு பட்டங்கள் குறிக்கப்படுகின்றன. ஒன்று எம்.எட்.; மற்றொன்று கல்வியியலில் எம்.ஏ. பேச்சுவழக்கில் இவை ஒன்றற்கொன்று மாற்றாகக் கூறப்பட்டாலும், சட்டநிலையில் இரண்டும் வேறுவேறு.

எம்.எட். தொழிற்பட்டம். ஆசிரியர்க்கு ஆசிரியராகப் பணியாற்ற இருப்பவரை உருவாக்குதல் அதன் நோக்கம். அது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஆளுகைக்கு உட்பட்டது. அக்குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் எம்.எட். பட்டத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தின. 2015-16 கல்வியாண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. பி.எட். அல்லது அதற்கு இணையான பயிற்சிப் பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றவரே அதில் சேரலாம் என்றும், ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் களப்பயிற்சி பெற வேண்டும் என்றும் அந்நெறிமுறைகள் வகுத்தன. 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு நெறிமுறைகளில் ஓராண்டு எம்.எட். மீண்டும் இடம்பெற்றமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

கல்வியியல் எம்.ஏ. வரலாறு, பொருளியல், மொழியியல் போன்ற பிற முதுகலைப் பட்டங்களை ஒத்தது. இளநிலைப் பட்டம் பெற்ற எவரும் பொதுவாக இதில் சேரலாம், பி.எட். முன்தகுதி அன்று. இதற்கான கருத்தடிப்படையைக் கோத்தாரி தலைமையிலான 1964-66ஆம் ஆண்டுக் கல்விக் குழுவின் அறிக்கையில் காணலாம். கற்பிக்கும் முறையிலிருந்து வேறுபடுத்தி, கல்வியைத் தனித்ததோர் அறிவுத்துறையாக ஏற்று, இளநிலை, முதுநிலைப் பட்டங்களில் விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழக வாழ்விலிருந்து ஒதுங்கி நின்ற நிலையைப் போக்குவதே அதன் கருத்தாகும்.

2014 நெறிமுறைகளில் தொலைநிலைக் கல்விக்கென வகுக்கப்பட்ட விதிகள் தொடக்கக்கல்விப் பட்டயத்திற்கும் பி.எட். பட்டத்திற்கும் மட்டுமே உரியவை. எம்.எட். பட்டத்திற்குத் தொலைநிலை வடிவம் வகுக்கப்படவில்லை. எனவே, பணியிலிருந்தபடியே இணையவழியில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் ஆசிரியர்க்கு முறையாகத் திறந்திருக்கும் வழி கல்வியியல் எம்.ஏ. ஒன்றே. ‘இணையவழி எம்.எட்.’ என விளம்பரம் செய்வோரிடம் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதன்று; தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பாணை எங்கே என்பதாகும்.

அவ்வாறாயின் எம்.ஏ. பட்டத்தால் பணிப்பயன் இல்லையா என்னும் வினா எழும். உண்டு, ஆனால் வரையறைக்கு உட்பட்டது. மேற்குறித்த 2014 நெறிமுறைகள், பி.எட். கல்லூரியின் விரிவுரையாளர் பணிகளை இருவகையாகப் பிரிக்கின்றன. கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல் போன்ற அடிப்படைப் பாடங்களைக் கற்பிக்கச் சமூக அறிவியல் முதுகலையும் எம்.எட். பட்டமும் வேண்டும், அல்லது கல்வியியல் எம்.ஏ. பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். ஒவ்வொன்றிலும் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. தமிழ் கற்பித்தல், கணிதம் கற்பித்தல் போன்ற கற்பித்தல்முறைப் பாடங்களுக்கோ இவ்விரண்டாம் வழி இல்லை. பாட முதுகலையோடு எம்.எட். பட்டமும் இன்றியமையாதது. ஆகவே, பி.எட். பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இணையவழியில் எம்.ஏ. பெற்றால் கல்வி உளவியல் கற்பிக்கத் தகுதி பெறலாம். தாம் பல ஆண்டுகள் செய்துவந்த தமிழ் கற்பித்தலைப் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்கத் தகுதி பெறமாட்டார். இது முரணாகத் தோன்றலாம். ஆனால் நெறிமுறையின் சொற்கள் அவ்வாறே அமைந்துள்ளன.

பள்ளிநிலையிலும் இதைப் போன்றதொரு வேறுபாடு உண்டு. முதுகலை ஆசிரியர் பணிக்குப் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடத்தில் முதுகலை வேண்டும். மேற்கு வங்காளம், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களில் மேல்நிலை வகுப்புகளில் கல்வியியல் ஒரு பாடமாக உள்ளது. எனவே அங்குக் கல்வியியல் எம்.ஏ. பட்டத்திற்குப் பள்ளியிலேயே இடமுண்டு. அப்பாடம் இல்லாத மாநிலங்களில் அது பாட முதுகலையாகக் கணக்கிடப்படுவதில்லை. மறுதலையாக, கல்வியியல் எம்.ஏ. மட்டும் பெற்று பி.எட். பெறாதவர் பள்ளியாசிரியராக இயலாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

3. அஞ்சல்வழியிலிருந்து இணையவழிக்கு

எம்.எட். பட்டத்திற்குத் தொலைநிலைக் கதவு ஏன் திறக்கப்படவில்லை என்பதை அறிய அஞ்சல்வழிக் கல்வியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்க வேண்டும். இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மைசூர், அஜ்மீர், போபால், புவனேசுவரம் ஆகிய இடங்களில் 1963இல் நிறுவப்பட்ட வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள், பயிற்சி பெறாமலே பணியாற்றிய ஆசிரியர்க்காகக் கோடைக்கால நேரடி வகுப்பையும் அஞ்சல்வழிப் பாடங்களையும் இணைத்து பி.எட். நடத்தின. கோடையில் கல்லூரியில் தங்கிப் பயிலுதல், ஆண்டின் எஞ்சிய காலத்தில் தம் பள்ளியிலேயே கற்பித்துக்கொண்டு பாடங்களுக்கு விடையெழுதி அனுப்புதல் என்னும் இவ்வமைப்பு இன்றைய கலப்புமுறைக் கல்விக்கு முன்னோடி எனில் மிகையாகாது.

பின்னர்ப் பல பல்கலைக்கழகங்கள் இப்பட்டத்தை அஞ்சல்வழியே வழங்கத் தொடங்கின. கோடை வகுப்பு சுருங்கியது; கற்பித்தற் பயிற்சி பெயரளவில் நின்றது; தம் எல்லைக்கு அப்பாலும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்த நிறுவனங்களும் இருந்தன. ஆசிரியர் கல்வியின் தரம் வீழ்கிறது என்னும் கவலை வலுப்பெற்ற இச்சூழலிலேயே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் சட்ட அதிகாரம் பெற்று, 1995இல் செயற்படத் தொடங்கியது. அக்குழுமம் தொலைநிலை பி.எட். பட்டத்தைப் பணியிலுள்ள, முன்னரே தொடக்கநிலைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கே உரியதாக்கியது. ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர்க்கான எம்.எட். பட்டத்தில் இதனினும் கடுமை காட்டப்பட்டது இயல்பே.

எம்.ஏ. பட்டம் இக்கட்டுப்பாட்டுக்கு வெளியே, பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுவிதிகளின்கீழ் வளர்ந்தது. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987இல் தன் கல்விப் பணியைத் தொடங்கியபோது வழங்கியவை இரண்டு பட்டயங்களே: மேலாண்மை ஒன்று, தொலைநிலைக் கல்வி மற்றொன்று. அவ்வாண்டில் சேர்ந்தோர் 4,528 பேர். அப்பல்கலைக்கழகம் தன் முதற்பாடங்களுள் ஒன்றாகத் தொலைநிலைக் கல்வியையே கொண்டமை, இத்துறைக்கு வேண்டிய ஆசிரியரை அது தானே உருவாக்க வேண்டியிருந்த நிலையைக் காட்டுகிறது.

2013இல் தொலைநிலைக் கல்வியின் கட்டுப்பாடு பல்கலைக்கழக மானியக் குழுவின் கைக்கு வந்தது. முழுமையாக இணையவழியே பட்டம் வழங்குவதற்கான முதல் நெறிமுறைகளை அக்குழு 2018இல் வெளியிட்டது. 2020 செப்டம்பரில் தொலைநிலைக்கும் இணையவழிக்கும் பொதுவான நெறிமுறைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. தேசியத் தரமதிப்பீட்டில் 3.26 புள்ளி அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுள் தொடர்ந்த இடம் பெற்ற நிறுவனங்களுக்கு இணையவழிப் பட்டம் வழங்க வாய்ப்பளிக்கப்பட்டது. காணொலி விரிவுரை, மின்பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என நான்கு கூறுகளும் பாடத்தில் அமைய வேண்டும். மதிப்பெண்ணில் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காட்டிற்குக் குறையாமலும் தொடர் மதிப்பீட்டிற்கு 30 விழுக்காட்டிற்கு மிகாமலும் பங்கு இருக்க வேண்டும். இவ்விதிகளின்படி ஏற்பளிக்கப்பட்ட இணையவழிப் பட்டம் நேரடிமுறைப் பட்டத்திற்கு இணையானது என 2022 செப்டம்பரில் அக்குழு அறிவித்தது. இணைமை இங்கு ஒரே பெயருடைய பட்டங்களுக்கிடையே ஆனது என்பதை மறத்தலாகாது. இணையவழி எம்.ஏ. நேரடி எம்.ஏ. பட்டத்திற்கு இணை, எம்.எட். பட்டத்திற்கு இணை என்பது அதன் பொருளன்று.

4. ஊதியமும் காலமும்

ஊதிய உயர்வு கருதிப் பட்டம் பெறும் போக்கு மாறிவரும் நிலையில் உள்ளது. தமிழ்நாட்டில் உயர்கல்வித் தகுதி பெறும் ஆசிரியர்க்கு வழங்கப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சு 10ஆம் நாளிட்ட அரசாணையால் நிறுத்தப்பட்டது. பின்னர் ஒரே முறை வழங்கும் ஊக்கத்தொகை அதன் இடத்தைப் பெற்றது. ஆண்டுதோறும் பெருகும் ஊதியக்கூறுக்கும் ஒருமுறைத் தொகைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியர்க்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2013இல் இதை ஒத்த முடிவையே எடுத்தது. முதுநிலைப் பட்டம் பெற்ற ஆசிரியரின் மாணவர் கூடுதலாகக் கற்கின்றனரா என்னும் வினாவே அங்கு முன்வைக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் கோல்டேபர், புரூவர் ஆகியோர் செய்த ஆய்வு, பொதுவாக முதுநிலைப் பட்டத்திற்கும் மாணவர் அடைவுக்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. ஆனால் கணித ஆசிரியர் கணிதத்திலேயே பட்டம் பெற்றிருந்த நிலையில் தொடர்பைக் கண்டது. கற்பிக்கும் பொருளோடு ஒட்டாத பட்டம் வகுப்பறையை எட்டுவதில்லை என்னும் கருத்திற்கு இம்முடிவு இடமளிக்கிறது.

காலத்தைக் கணக்கிடுதலும் வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் எனப்படும் மதிப்பலகு ஒன்று 30 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். நான்கு மதிப்பலகுப் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம் தேவை. ஒரு பட்டம் 64 மதிப்பலகு உடையது எனக் கொண்டால் 1,920 மணி நேரம். இரண்டாண்டுகளில் வாரத்திற்கு ஏறத்தாழ 18 மணி நேரம். விடைத்தாள் திருத்தம், தேர்தற்பணி, கணக்கெடுப்புப் பணி ஆகியவற்றுக்கிடையில் இதனை ஒதுக்குதல் எளிதன்று. பட்டத்தை முடிக்கக் குறைந்த கால அளவைவிடக் கூடுதல் காலம் பல்கலைக்கழகங்களால் அளிக்கப்படுவது இதனாலேயே. அரசுப்பள்ளி ஆசிரியர் சேர்க்கைக்கு முன் துறையின் இசைவைப் பெறுதலும் இன்றியமையாதது. இசைவின்றிப் பெற்ற பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதில் இடர் நேரும்.

5. கல்வியியலின் மொழி

தமிழ்வழிக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மேற்கூறிய அனைத்தினும் பெரிய தடை மொழியே. தமிழ்நாட்டில் பி.எட். பட்டத்தைத் தமிழ்வழியே பெற இயலும். கல்வி உளவியல், கற்பித்தல் முறைகள் ஆகியவற்றுக்குத் தமிழில் பாடநூல்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குத் தமிழ்நூல்களை வெளியிட்ட காலம் முதல் இத்துறையில் தமிழ் நடை ஒன்று உருவாகியுள்ளது. ஆனால் முதுநிலையில், குறிப்பாக இணையவழியில், இந்நிலை மாறுகிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் முதுகலைப் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைந்துள்ளன. நாடு முழுவதிலிருந்தும் மாணவரைச் சேர்க்கும் பிற இணையவழிப் பட்டங்களிலும் ஆங்கிலமே பெரும்பாலும் பயிற்றுமொழி.

இதனால் விளைவது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று. ஆசிரியர் தம் வகுப்பறையில் நாள்தோறும் கையாளும் கருத்துகளே வேறொரு மொழியில் அயலாகத் தோன்றுகின்றன. எடுத்துக்காட்டாக, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13இல் அறிமுகமானபோது வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்னும் சொற்கள் வழக்குக்கு வந்தன. வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டை நிரப்பாத ஆசிரியர் இல்லை. அதே ஆசிரியரிடம் ‘ஃபார்மேட்டிவ்’ மதிப்பீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பணித்தால், தாம் அறிந்ததையே அறியாதவர்போல் தயங்குகிறார். பதிவேடும் பாடநூலும் அவர் மனத்தில் இணைவதில்லை.

இணைந்தால் கிடைக்கும் பயன் சிறிதன்று. இவ்விணைச் சொற்களை 1967இல் உருவாக்கியவர் மைக்கேல் ஸ்க்ரிவன். அவர் அவற்றை மாணவரை அளப்பதற்காக உருவாக்கவில்லை; கலைத்திட்டம் ஒன்றை உருவாகும் நிலையிலேயே மதிப்பிட்டுத் திருத்துவதையும், உருவானபின் அதன் தகுதியை முடிவு செய்வதையும் வேறுபடுத்துவதற்கே பயன்படுத்தினார். மாணவர் கற்றலுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைத்தவர்கள் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் ஆவர். இவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர்க்கு வளரறி மதிப்பீடு என்பது மதிப்பெண்ணை நாற்பதாகப் பகுக்கும் கட்டம் அன்று, தம் கற்பித்தலைத் தாமே இடைவழியில் திருத்திக்கொள்ளும் கருவி என்பது புலனாகும். முதுகலைப் பட்டம் தரத்தக்க அறிவு இத்தகையதே. அவ்வறிவு ஆசிரியரின் தாய்மொழியில் வந்து சேராவிடில் தேர்வுத்தாளோடு நின்றுவிடும்.

தமிழ்க் கலைச்சொற்களும் முழுமையாக நிலைபெற்றுவிடவில்லை. கலைத்திட்டம், பாடத்திட்டம் என்னும் இரு சொற்களுக்கிடையே வேறுபாடு காக்கும் ஆசிரியர் சிலரே. பெரும்பாலோர் இரண்டையும் பாடத்திட்டம் என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கின்றனர். இலங்கைத் தமிழர் கணிப்பீடு, மதிப்பீடு என இரு கருத்துகளைப் பிரித்து வழங்க, தமிழ்நாட்டில் மதிப்பீடு என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் நிற்கிறது. குழந்தை தன் அறிவைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்னும் கோட்பாடு 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்குப் பின் எங்கும் பேசப்பட்டது. அதற்குத் தமிழில் கட்டமைப்புவாதம், ஆக்கவாதம் எனப் பல பெயர்கள். இலக்கியத் திறனாய்வு பயின்று வந்த தமிழாசிரியர் கட்டமைப்புவாதம் என்ற அளவில் அமைப்பியலை நினைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டும் தொடர்பற்றவை.

இந்நிலையைச் சீர்செய்யச் சில முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. ஆங்கிலவழிப் பட்டமாக இருப்பினும் தேர்வை வட்டார மொழியில் எழுத மாணவர்க்கு இசைவளிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 22 இந்திய மொழிகளில் ஐந்தாண்டுகளில் 22,000 நூல்களை உருவாக்கும் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் தேர்வைத் தமிழில் எழுத இசைவு பெற்றவரும் பாடத்தை ஆங்கிலத்தில் படித்தே விடையைத் தமிழில் உருவாக்க வேண்டியுள்ளது. அவ்விடையைத் திருத்துவோர்க்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இணையவழிப் பட்டத்தில் எளிதில் நிறைவேறும் நிபந்தனை அன்று.

6. ஆசிரியரின் வகுப்பறையே ஆய்வுக்களமாதல்

பணியிலுள்ள ஆசிரியர்க்கு முழுநேர மாணவரிடம் இல்லாத உடைமை ஒன்று உண்டு; அது அவருடைய வகுப்பறை. குர்ட் லெவின் 1946இல் முன்வைத்த செயலாய்வு என்னும் கருத்தை, ஸ்டீபன் கோரி 1953இல் பள்ளியாசிரியர்க்கு உரியதாக்கினார். தம் பணியிற் காணும் இடர் ஒன்றைத் தாமே வரையறுத்து, ஒரு மாற்றத்தைச் செய்து, அதன் விளைவை நோக்கி, மீண்டும் திருத்துதல் இதன் போக்கு. முதுகலை ஆய்வேட்டிற்கு இதனினும் பொருத்தமான முறை பணியிலுள்ள ஆசிரியர்க்கு அரிது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் மாணவரின் மயங்கொலிப் பிழைகளை ஆய்வுப்பொருளாகக் கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். முதற்கண் சொல்லெழுதுதல் தேர்வு ஒன்றை நடத்தி, பிழைகளைத் தொகுக்க வேண்டும். எஸ். பிட் கார்டர் 1967இல் காட்டிய வேறுபாடு இங்கு உதவும். மாணவரின் மொழியறிவில் ஒழுங்காக அமைந்துவிட்டது பிழை. அறிந்தும் கைதவறி எழுதுவது தவறு. ‘மரம்’ என்பதனை ஒரு மாணவர் ஒருமுறை ‘மறம்’ என எழுதினால் அது தவறாக இருக்கலாம். ரகர றகரங்களை எல்லாச் சொற்களிலும் மாற்றி எழுதினால் அது பிழை.

அடுத்து அப்பிழையின் தோற்றுவாயைக் காண வேண்டும். ‘பழம்’ என்பதனைத் தென்மாவட்ட மாணவர் ‘பளம்’ என எழுதினால், அவர் தம் பேச்சை உண்மையாகவே எழுதுகிறார். சென்னைப் பேச்சினர் ‘பயம்’ என எழுதினாலும் காரணம் அதுவே. ரகர றகர வேறுபாடு பெரும்பாலான வட்டாரப் பேச்சுகளில் மறைந்துவிட்டது. குமரி மாவட்டப் பேச்சில் அது நிலைத்துள்ளது. எனவே குமரி மாணவர்க்கு ‘அரை’, ‘அறை’ ஆகியவற்றின் வேறுபாட்டைச் செவிவழியே உணர்த்தலாம். மற்ற மாவட்டங்களில் அது செவிக்கு எட்டாத வேறுபாடு, கண்ணாலும் பொருளாலுமே கற்பிக்க வேண்டும். நகர னகரப் பிழையோ ஒலியைச் சார்ந்ததே அன்று. சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைச் சார்ந்தது. அனைத்தையும் ஒரே தலைப்பில் மயங்கொலி எனத் தொகுத்து ஒரே பயிற்சியை அளித்துவந்த ஆசிரியர், பயிற்சி ஏன் பயன்தரவில்லை என்பதை இந்நிலையில் காண்பார்.

பயிற்சியை ஆறு வாரங்கள் நடத்திப் பின்தேர்வு வைத்தால், முன்தேர்வு, பின்தேர்வு ஆகியவற்றின் சராசரி வேறுபாடு தற்செயலானதா என்பதைப் புள்ளியியல் வழியே சோதிக்கலாம். இங்கு ஆசிரியர் காக்க வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. அதே சொற்களைப் பின்தேர்விலும் வைத்தால் நினைவாற்றலே அளக்கப்படும். ஒத்த கடினமுடைய வேறு சொற்கள் வேண்டும். ஒரே வகுப்பை மட்டும் ஆய்ந்தால் வயதின் வளர்ச்சியையும் பயிற்சியின் பயனையும் பிரிக்க இயலாது. இணைப்பிரிவு ஒன்றை ஒப்பீட்டுக்குக் கொள்வது நலம். தம் பயிற்சியின் வெற்றியைத் தாமே திருத்தி மதிப்பெண் இடுதல் பொருந்தாது. பிற தமிழாசிரியர் ஒருவர் மாணவர் பெயரறியாமல் விடைத்தாள்களைத் திருத்த வேண்டும். தலைமையாசிரியரின் இசைவும், பெற்றோரின் ஒப்புதலும், மாணவர் பெயரை மறைத்தலும் ஆய்வறத்தின்பாற்பட்டவை.

இத்தகைய ஆய்வேட்டினை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், தமிழ் அறியாத தேர்வாளர்க்கு ழகரத்தை விளக்குவதிலேயே ஓர் இயல் செல்லும். சில பல்கலைக்கழகங்களில் ஆய்வு வழிகாட்டியை மாணவரே முன்மொழியலாம். விதிக்கப்பட்ட தகுதியுடைய ஒருவரைத் தம் மாவட்டத்திலேயே, தமிழ் அறிந்தவராகத் தேர்ந்துகொள்வது இதற்கு ஒரு தீர்வு. மாணவரின் எழுத்துச்சான்றுகளை எழுத்துப்பெயர்ப்பில் மட்டும் தருதல் கூடாது. ‘பளம்’, ‘பழம்’ ஆகிய இரண்டும் புள்ளியிட்ட உரோமன் எழுத்தில் அமைந்தால், தமிழ் அறிந்த வாசகர்க்கும் பிழை எது, திருத்தம் எது என்பது கண்ணிற்படாது. அவற்றைத் தமிழ் எழுத்திலேயே, மாணவர் எழுதியவாறே, பின்னிணைப்பில் சேர்த்தல் வேண்டும். ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழிலும் எழுதி ஒரு படியைப் பள்ளியில் வைத்தால், அடுத்த ஆண்டு அதே வகுப்பை ஏற்கும் ஆசிரியர் தம் மாணவரின் பிழைப்பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்பதை அதனைக் கொண்டே முடிவு செய்யலாம்.